ஆண்டியின் உண்டியலும் அடிவாரத்துக் கல்லூரியும்

கோயில் உண்டியலில் விழும் காசை எடுத்துக் கல்லூரி கட்டலாமா என்ற கேள்வி சில வருடங்களாகத் தமிழ்நாட்டைச் சுற்றிவருகிறது. 2021-இல் அது உயர் நீதிமன்றப் படி ஏறியது. 2025 ஜூலையில் கோவை மாவட்டப் பிரசாரப் பயணத்தில் முன்னாள் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அதையே மைக் பிடித்துக் கேட்டார். பக்தர்கள் கோயிலுக்கென்று போட்ட பணத்தில் எதற்குக் கல்லூரி, அரசுப் பணத்தில் கட்டினால் ஆகாதா, இதைச் சதி என்றுதானே மக்கள் பார்க்கிறார்கள் என்பது பேச்சின் சாரம். எதிர்ப்பு கிளம்பியதும் விளக்கம் வந்தது. கல்லூரியை எதிர்க்கவில்லை, அரசு நிதியில் நடத்தினால் பிள்ளைகளுக்கு வசதி கூடும் என்றுதான் சொன்னேன் என்றார். விளக்கம் வந்தும் வாதம் அடங்கவில்லை. அவர் இறக்கிவைத்த இடத்திலிருந்து, அவரைவிடச் சூடாகப் பலர் தூக்கிக்கொண்டார்கள். கல்யாணப் பந்தியிலும் பேசுகிறார்கள், டீக்கடை பெஞ்சிலும் பேசுகிறார்கள்.

நான் இருப்பது பாலசமுத்திரம். பழனியிலிருந்து நாலைந்து கிலோமீட்டர். பாலாறு–பொருந்தலாறு அணைக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போவார்கள். இங்கே உட்கார்ந்து இந்த வாதத்தைக் கேட்கிறவனுக்கு முதலில் சிரிப்பு வரும். பழனிசாமி என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர், அந்தப் பழனிசாமியே அறுபது வருடத்துக்கு மேலாகக் கல்லூரி நடத்திவருவதை எப்படி மறந்தார் என்ற சிரிப்பு. யோசித்தால் எரிச்சல் வரும். ஏனென்றால் சதி என்று அவர் சொன்ன அந்தக் காரியத்தால்தான் எங்கள் வட்டாரத்தில் பாதி வீடுகளில் ஒரு பட்டமாவது சுவரில் தொங்குகிறது.

சதியின் தேதியைப் பார்ப்போம். பழனியில் அருள்மிகு பழனியாண்டவர் கலை, பண்பாட்டுக் கல்லூரி தொடங்கிய வருடம் 1960. முதலமைச்சர் நாற்காலியில் இருந்தவர் காமராசர். கோயில் உபரியைக் கல்விக்குச் செலவிட வழி சொல்லும் இந்து சமய அறநிலையச் சட்டம் 1959-இல் வந்தது. கொண்டுவந்ததும் அதே காங்கிரஸ் ஆட்சி. திருநீறு பூசிக்கொண்டு சட்டமன்றம் போனவர்கள் எழுதிய சட்டம் அது. அடுத்து அறுபதுகளிலேயே பாலிடெக்னிக் வந்தது. பழனி–உடுமலை சாலையில் சின்னக்கலையம்புத்தூரில் பெண்களுக்கான கலைக் கல்லூரி 1970-இல் வந்தது. பழனியோடு நின்றதா என்றால் இல்லை. குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி, கடலோரத்தில் பூம்புகார் கல்லூரி, குமரியில் குழித்துறை தேவிகுமாரி மகளிர் கல்லூரி என்று அறுபதுகளின் நடுவில் வரிசையாக எழுந்தவை எல்லாம் அறநிலையத்தின் நிழலில் எழுந்தவைதான்.

பிறகு எத்தனை ஆட்சிகள் மாறின! எம்.ஜி.ஆர். ஆண்டார். ஜெயலலிதா பலமுறை ஆண்டார். எடப்பாடி பழனிசாமியே 2017 முதல் 2021 வரை நாலு வருடம் ஆண்டார். அந்த நாலு வருடமும் பழனியாண்டவர் கல்லூரிகளில் சேர்க்கை நடந்தது, தேர்வு நடந்தது, பட்டமளிப்பு நடந்தது. சதி நடந்துகொண்டிருப்பது தெரிந்தும் நாலு வருடம் சும்மா இருந்தாரா, அல்லது நாற்காலியை விட்டு இறங்கிய பிறகுதான் அது சதியாகத் தெரிந்ததா? இரண்டில் எதைச் சொன்னாலும் அவருக்குப் பெருமை இல்லை.

உடனே தி.மு.க.காரர்கள் மார் தட்டிக்கொள்ள வேண்டாம். மூத்த கல்லூரி அவர்கள் ஆட்சிக்கு வருவதற்கு ஏழு வருடம் முந்தியது. இருக்கிற மரத்தில் சொந்தப் பெயர்ப் பலகையை ஆணியடிக்கும் பழக்கம் எல்லாக் கட்சிக்கும் உண்டு. மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள் மலையேறி வந்த சனங்கள்.

அந்தச் சனங்களைப் பற்றித்தான் இனிப் பேச வேண்டும். எதிர்வாதம் முழுக்க நிற்பது அவர்கள் பெயரில்தான். பக்தர் சாமிக்குப் போட்டார், சாமிக்கே சேர வேண்டும், வேறு எதற்குச் செலவிட்டாலும் அது அவர் நம்பிக்கைக்குத் துரோகம் என்பது முதல் தூண். கேட்க நன்றாக இருக்கிறது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறார்கள் என்று பழமொழியும் சேர்த்துச் சொல்கிறார்கள். ஆனால் அந்தத் தேங்காய் யார் வீட்டுத் தேங்காய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தைப்பூசத்துக்கு நடந்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? காரைக்குடிப் பக்கத்திலிருந்து காவடியோடு வரும் நகரத்தார் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் கொங்கு நாட்டு விவசாயி, மதுரைப் பக்கத்துக் கூலியாள், திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளி, திண்டுக்கல் தோல்ஷாப் ஆள் என்று சாலை நிறைய வருகிறார்கள். எங்கள் ஊரில் காய்ச்சல் கண்டால், மாடு தொலைந்தால், பிள்ளை பரீட்சை எழுதினால், ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள். கிருத்திகைக்கு மலையேறும்போது அந்த முடிச்சு உண்டியலில் விழும். உண்டியல் எண்ணும் நாளில் தங்கம், வெள்ளி, மலேசிய வெள்ளி, சிங்கப்பூர் வெள்ளி, பித்தளை வேல், கைக்கடிகாரம், முந்திரி, ஏலக்காய், நவதானியம் என்று என்னவெல்லாமோ கொட்டும். விளைந்ததில் ஒரு பிடி, சம்பாதித்ததில் ஒரு பங்கு. அவரவர் கையில் இருந்ததைப் போட்டிருக்கிறார்கள்.

அந்த மஞ்சள் முடிச்சுகளில் பாதிக்கு மேல் என்ன வேண்டுதல் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பிள்ளை பாஸாகணும். காலேஜில் இடம் கிடைக்கணும். பொண்ணு நாலு எழுத்துப் படிச்சு வேலைக்குப் போகணும். அதற்காக முடிந்த காசு, அதே பிள்ளைக்கு வகுப்பறையாகத் திரும்பி வந்தால், வேண்டுதலை முருகன் நிறைவேற்றினான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். உங்கள் ஊரில் அதற்கு நிதி முறைகேடு என்று பெயரா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் கொடுத்துவிட்டார். வெளியே நிற்கும் வழக்கறிஞர்தான் தடுக்கிறார்.

சாமிக்குச் சேர வேண்டும் என்கிறீர்களே, எந்தச் சாமிக்கு? பழனியில் நிற்பவர் கோவணாண்டி. ராஜ அலங்காரம் சாத்தினாலும் அது கொஞ்ச நேரம். உள்ளே இருப்பது தண்டு ஊன்றிய ஆண்டி. அந்த ஆண்டிக்கு எதற்கு வங்கி இருப்பு? அவர் இந்த மலைக்கு வந்த கதைதான் என்ன? ஞானப்பழம் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு கைலாசத்தை விட்டு வந்தார் என்று எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். ஞானத்துக்காகச் சண்டை போட்டு வந்த சாமியின் அடிவாரத்தில், படிப்புக்குச் செலவு செய்தால் சாமி குற்றமாம். தகப்பனுக்கே பாடம் சொன்னவன் பணத்தில் பாடம் சொல்லக் கூடாதாம்! பக்தி இல்லாதவன் இப்படிப் பேசினால் மன்னிக்கலாம், அவனுக்குக் கதை தெரியாது. பக்திக்குக் காவல் நிற்கிறோம் என்று சொல்கிறவர்கள் பேசுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கல்வி கோயிலின் வேலையே இல்லை, இது திராவிட ஆட்சி புகுத்திய புதுப்பழக்கம் என்றும் ஒருவர் அடித்துப் பேசினார். அவருக்கு ஒரு பேருந்துச் சீட்டு எடுத்துத் தரலாம். விழுப்புரம் பக்கம் எண்ணாயிரம் போய்க் கல்வெட்டைப் பார்க்கட்டும். ராஜேந்திர சோழன் காலத்தில் அந்தக் கோயிலில் 340 மாணவர்கள் படித்தார்கள். 14 ஆசிரியர்கள் பாடம் சொன்னார்கள். நெல்லளந்து கொடுத்த கணக்கு கல்லில் இருக்கிறது. அங்கிருந்து காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் போகட்டும். வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டில், பெருமாள் கோயிலின் வருமானத்திலிருந்து பள்ளியும் மாணவர்க்குச் சோறும் 15 படுக்கை கொண்ட ஆதுலசாலையும் நடந்தது எழுதியிருக்கிறது. ஆதுலசாலை என்றால் ஆஸ்பத்திரி. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் கோயில் வருமானத்தில் படிப்பு, சாப்பாடு, மருந்து மூன்றும் நடந்திருக்கின்றன.

ஒரு வித்தியாசம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. எண்ணாயிரத்தில் படித்தது வேதமும் சாத்திரமும். படித்தவர்கள் அதற்கு உரிமை பெற்றிருந்த ஒரு சிறு கூட்டம். அன்று நெல் விளைவித்த குடியானவன் பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை. அப்போது இறைவன் சொத்து கல்விக்குப் போகிறதே என்று யாரும் பதறியதாகக் கல்வெட்டு எதுவும் இல்லை. 1960-க்குப் பிறகு நெய்க்காரப்பட்டிக் கரும்புக்காட்டுக்காரர் மகனும், ஆயக்குடி கொய்யாத் தோப்பில் கூலிக்குப் போகிறவர் மகளும் அதே பணத்தில் வந்து உட்கார்ந்தபோதுதான் இறைவன் சொத்து என்ற ஞாபகம் வருகிறது. இந்தத் தற்செயலை எதிர்வாதிகள் எப்போதாவது தனிமையில் யோசித்துப் பார்த்தால் நல்லது.

இன்னொரு பழைய கதையும் அவர்கள் படிக்க வேண்டும். சென்னையில் பச்சையப்ப முதலியார் 1794-இல் இறந்தார். தம் சொத்தைக் கோயில் கைங்கரியங்களுக்கும் தருமங்களுக்கும் எழுதிவைத்துவிட்டுப் போனார். பணம் வழக்குகளில் சிக்கிக் குட்டி போட்டுப் பெருகிக் கிடந்தது. கடைசியில் கோயில் தருமங்கள் போக மிஞ்சியதைக் கல்விக்குத் திருப்பலாம் என்று நீதிமன்றத்தின் வழியே முடிவாகி, 1842-இல் பள்ளி பிறந்தது. 1889-இல் அது கல்லூரி ஆனது. பாதிரிமார் பள்ளிக்குப் போகாமல் நம் பிள்ளைகள் படிக்க ஒரு இடம் வேண்டும் என்று அன்றைய சென்னை இந்துக்கள் ஏங்கியபோது கைகொடுத்தது அந்தக் கோயில் தரும உபரிதான். இன்று இந்துக்களின் பெயரால் கோயில் பணத்தில் கல்லூரி கூடாது என்கிறவர்களுக்கு, பச்சையப்பன் கல்லூரி என்ற பெயரைக் கேட்டால் கொஞ்சமாவது கூச வேண்டாமா?

இங்கேதான் எதிர்வாதத்தின் வேடிக்கையான பகுதி வருகிறது. கிறிஸ்தவ சபைகள் தங்கள் பணத்தில் கல்லூரி நடத்தி வளர்கின்றன, முஸ்லிம் அறக்கட்டளைகள் நடத்துகின்றன, இந்துக் கோயிலை மட்டும் அரசு பிடித்து வைத்திருக்கிறது என்று ஒரு மேடையில் பேசுகிறார்கள். அடுத்த மேடையில், இந்துக் கோயில் பணத்தில் கல்லூரி நடத்தக் கூடாது என்கிறார்கள். மதுரையில் அமெரிக்கன் கல்லூரியைப் பார்த்துப் பொறாமைப்படுவது, பழனியில் பழனியாண்டவர் கல்லூரியைப் பார்த்துக் கோபப்படுவது. ஐயா, ஒரு நாக்கில் ஒன்று பேசுங்கள். மற்ற மதத்தார் காணிக்கை அவர்கள் பிள்ளைகளைப் படிக்க வைப்பது பெருமை என்றால், நம் காணிக்கை நம் பிள்ளைகளைப் படிக்க வைப்பது எப்படிச் சிறுமை ஆகும்?

திருப்பதியைப் பாருங்கள் என்பதும் அவர்கள் வழக்கமாகச் சொல்வதுதான். பார்ப்போமே. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1945-இலேயே திருப்பதியில் வெங்கடேஸ்வரா கலைக் கல்லூரியைத் தொடங்கிவிட்டது. 1961-இல் டெல்லி வரைக்கும் போய் ஒரு வெங்கடேஸ்வரா கல்லூரி கட்டியது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இன்று பெயர்பெற்ற கல்லூரி அது. ஏழுமலையான் உண்டியலில் போட்டவர்களில் எத்தனை பேர் டெல்லியில் கல்லூரி கட்டச் சொல்லிப் போட்டார்கள்? அதைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. தருமபுர ஆதீனம் 1946-இல் மயிலாடுதுறையில் கலைக் கல்லூரி கண்டது. ஆதீனம் செய்தால் அறம், ஏழுமலையான் செய்தால் சேவை, பழனி ஆண்டி செய்தால் சதி!

அரசிடம் பணம் இல்லையா, வரிப்பணத்தில் நடத்தலாமே என்பது இரண்டாவது தூண். இதைச் சொல்கிறவர்களுக்கு அடிப்படை விவரமே தெரியவில்லை. பழனியில் இருக்கும் மூத்த கலைக் கல்லூரிகள் அரசு உதவி பெறும் கல்லூரிகள். நிர்வாகத்தைத் தேவஸ்தானம் பார்க்கிறது. உதவி பெறும் பணியிடங்களில் இருக்கும் ஆசிரியர் சம்பளம் வரிப்பணத்திலிருந்து வருகிறது. இரண்டு கையும் சேர்ந்து தூக்கிய பல்லக்கு அது. ஒரு கையை வெட்டிவிட்டு இன்னொரு கை தூக்கட்டும் என்பது என்ன யோசனை?

தவிர, 1960-ஐ நினைத்துப் பாருங்கள். பட்டப்படிப்புக்குப் பழனிப் பையன் பெரும்பாலும் மதுரைக்கோ கோவைக்கோ போக வேண்டும். இரண்டும் நூறு கிலோமீட்டருக்கு மேல். மாவட்டத்தில் சின்னாளப்பட்டிப் பக்கம் சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் வித்திட்ட காந்திகிராமத்தில் கிராமிய நிறுவனம் 1956-இல் வந்திருந்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது 1976-இல்தான். திண்டுக்கல் நகரத்திலேயே ஜி.டி.என். கலைக் கல்லூரி 1964-இல்தான் திறந்தது. அதாவது, பெரிய ஊரான திண்டுக்கல்லுக்கு ஜி.டி.என். வருவதற்கு நாலு வருடம் முன்பே கோயில் ஊரான பழனிக்குக் கலைக் கல்லூரி வந்துவிட்டது. அரசு வரட்டும், வரிப்பணம் வரட்டும் என்று அன்று காத்திருந்தால் எங்கள் அப்பா தலைமுறை காத்திருந்தே கிழவர்கள் ஆகியிருக்கும்.

பெண்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். எழுபதுகளில் பாலசமுத்திரத்தில் பெண்ணைப் பள்ளி இறுதிவரை அனுப்புவதே பெரிய காரியம். விடுதியில் தங்கவைத்து மதுரையில் படிக்க வைப்பது நடவாத காரியம். பெண்களுக்கு மட்டுமான கல்லூரி, அதுவும் சாமி பெயரில், பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பும் தூரத்தில் என்றதும், முறுக்கிக்கொண்டு நின்ற தாத்தாக்கள்கூட இறங்கி வந்தார்கள். முருகன் காலேஜுதானே, போகட்டும் என்றார்கள். அந்தப் பெயர் செய்த வேலையை எந்த அரசாணையும் செய்திருக்க முடியாது. கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984-இல் வந்தபோது இந்த வட்டாரத்தில் அதற்கு வாசல் திறந்துவைக்கப் பட்டதாரிப் பெண்களின் ஒரு தலைமுறை தயாராக இருந்தது. மேற்படிப்புச் சேர்க்கை விகிதத்தில் 2021-22-இல் தமிழ்நாடு 47 விழுக்காடு, நாட்டின் சராசரி 28 சொச்சம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்த 47 சென்னையில் மட்டும் விளையவில்லை. சின்னக்கலையம்புத்தூர் மாதிரி ஊர்களில் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவர்கள் கூட்டிக் கொடுத்தது.

மூன்றாவது தூண் உருக்கமானது. கிராமக் கோயில்களில் விளக்கேற்ற எண்ணெய் இல்லை, கோபுரத்தில் ஆலமரம் முளைக்கிறது, அங்கே செலவழிக்காமல் இங்கே எதற்கு என்கிறார்கள். எண்ணெய் இல்லாத கோயில் இருப்பது உண்மை. அது வெட்கக்கேடு என்பதிலும் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் அடுத்த வீட்டுப் பிள்ளையின் புத்தகத்தைப் பிடுங்கி எரிப்பதா வழி? எங்கள் ஊர் அகோபில வரதராஜப் பெருமாள் கோயில் பழனிக் கோயிலின் உபகோயில். பெருமாளுக்கு விளக்கெரிவதும் அதே முருகன் நிர்வாகத்தில்தான். அவர் சந்நிதியில் விளக்கெரிகிறது, அடிவாரத்தில் கல்லூரி மணியும் அடிக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் முடியும் என்பதற்கு நாங்களே சாட்சி. கோபுரத்து ஆலமரத்தைக் காட்டிக் கல்லூரிக்குப் பூட்டுப் போடச் சொல்கிறவர், அந்தக் கோயிலுக்கு ஒரு படி எண்ணெய் கொண்டுபோனதுண்டா என்று கேட்டுப் பாருங்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

சட்டம் என்ன சொல்கிறது என்று மிரட்டுவதும் உண்டு. சட்டத்தையே பேசுவோம். கோயிலின் தேவைகள் போக மிஞ்சும் உபரியை ஆணையரின் முன்அனுமதியோடு வேறு அறச்செயல்களுக்குச் செலவிட 1959-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. அந்தப் பட்டியலில் கல்வி நிறுவனமும் இருக்கிறது. அங்கே இந்து சமயக் கல்விக்கும் இடம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2021-இல் கொளத்தூர், திருச்செங்கோடு, ஒட்டன்சத்திரம், விளாத்திகுளம் ஆகிய இடங்களில் நான்கு புதுக் கல்லூரிகளை அறநிலையத் துறை தொடங்கியபோது வழக்குப் போனது. உயர் நீதிமன்றம் அவற்றை மூடச் சொல்லவில்லை. வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டு நடக்கட்டும், சமயப் பாடம் வையுங்கள், எங்கள் அனுமதி இல்லாமல் புதிதாகத் தொடங்காதீர்கள் என்றது. அந்த உத்தரவைப் பிடித்துக்கொண்டு, கல்லூரியே சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதாகக் கதை கட்டுகிறவர்கள், உத்தரவைப் படிக்காதவர்கள். அல்லது நாம் படித்திருக்க மாட்டோம் என்று நம்புகிறவர்கள்.

2025 ஆகஸ்டில் மதுரைக் கிளை, கோயில் பணத்தில் வாடகைக்கு விடும் கல்யாண மண்டபம் கட்டும் அரசாணையை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பையும் கல்லூரிக்கு எதிராக ஆட்டிக்காட்டுகிறார்கள். நான் அந்தத் தீர்ப்பை வரவேற்கிறேன். மண்டபம் வாடகை வசூலிக்கும் வியாபாரம். அதையும் வகுப்பறையையும் ஒரே தராசில் வைக்கிறவருக்குக் கண் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழனியில் அதற்கும் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள்.

இனி நியாயத்துக்குக் கட்டுப்பட்டு ஒன்று சொல்ல வேண்டும். எதிர்வாதிகள் கேட்காத கேள்விகள் சில இருக்கின்றன. கேட்டிருந்தால் நான் அவர்கள் பக்கம் நின்றிருப்பேன். கோயில் பணத்தை ஆட்சியாளர் தம் வள்ளல்தன்மையாகக் காட்டிப் படத்தோடு பலகை வைப்பது கேவலம். 2022 நவம்பரில் பழனிக் கோயிலின் பள்ளி, கல்லூரிகளில் சுமார் 4,000 பேருக்குக் காலைச் சிற்றுண்டி தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் அந்தப் பொங்கலுக்கு நெய் வார்த்தது முருகன். திறந்துவைத்தவர் பெயர்தான் செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வந்தது. நிரந்தர இடங்களை நிரப்பாமல் குறைந்த சம்பளத்துக்குத் தற்காலிக ஆசிரியர்களை வைத்து ஓட்டுவது தமிழ்நாட்டுக் கல்லூரிகளைப் பிடித்த நோய். கோயில் கல்லூரி என்பதால் அது புனிதமாகிவிடாது. அரசு தான் திறக்க வேண்டிய கல்லூரியைத் தட்டிக்கழித்துவிட்டு, கோயில் தலையில் கட்டினால் அதையும் எதிர்க்கத்தான் வேண்டும். எந்தக் கோயிலிலிருந்து எவ்வளவு உபரி, எந்தக் கல்லூரிக்கு எவ்வளவு போனது என்று அடிவாரத்திலேயே பலகை எழுதி வைக்க வேண்டும். அறங்காவலர்கள் கட்சிக்காரர்களாக இல்லாமல் காவலர்களாக இருக்க வேண்டும்.

இவற்றில் ஒன்றையாவது அவர்கள் கேட்டார்களா? கேட்கவில்லை. ஏனென்றால் கணக்கு கேட்டால் கணக்கு சரியாகும், கல்லூரி ஓடும். கல்லூரி ஓடினால் மேடைக்குப் பேச்சு கிடைக்காது.

கடைசியாக ஒரு காட்சியைச் சொல்லி முடிக்கிறேன். 2024 ஆகஸ்டில் பழனியில் அனைத்துலக முத்தமிழ் முருகன் மாநாடு நடந்தது. வெளிநாடுகளிலிருந்து பக்தர்கள் வந்தார்கள், ஆதீனங்கள் வந்தார்கள், ஆய்வுக் கட்டுரை வாசித்தார்கள். இத்தனை பேர் கூட முருகனுக்கு எங்கே இடம் கிடைத்தது தெரியுமா? பழனியாண்டவர் கல்லூரி வளாகத்தில். எந்தக் கல்லூரி கட்டியது கோயிலுக்குத் துரோகம் என்கிறார்களோ, அதே கல்லூரியில்தான் உலகத்து முருக பக்தர்கள் உட்கார்ந்து முருகனைப் பேசினார்கள்.

இதைவிடச் சின்னக் காட்சி ஒன்று மலைமேல் நடக்கும். உண்டியல் எண்ணும் நாளில் கோயில் ஊழியர்களோடும் வங்கிக்காரர்களோடும் கல்லூரி மாணவ மாணவியரும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பத்திரிகைப் படங்களில் நீங்கள் பார்த்திருக்கலாம். நோட்டைத் தனியாக, சில்லறையைத் தனியாகப் பிரிப்பார்கள். இடையில் ஒரு மஞ்சள் முடிச்சு கைக்கு வரும். அதை அவிழ்த்து உள்ளே இருக்கும் ஒரு ரூபாயைக் குவியலில் சேர்க்கிற பெண்ணின் வீட்டிலும், சாமி படத்துக்குப் பக்கத்தில், அவள் பெயரைச் சொல்லி முடிந்த இன்னொரு முடிச்சு இருக்கும். அவளிடம் போய்ச் சொல்லுங்கள், இந்தப் பணத்தில் நீ படிப்பது சதி என்று.